பெருவிரல் நகம்

ஜூன் 9, 2024, ஞாயிறு. பொல்பிட்டிய

நாவலப்பிட்டி தாண்டியதும் பிடித்த மழை கினிகத்தேனையிலும் விடவில்லை. மத்தியானத்துக்கு மேல்தான் லயத்துக்கு வந்து சேர்ந்தேன். பெரியம்மா அடுப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் பார்த்ததும் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். அப்படி இழுத்ததால்தான் கவனித்தேன்.

வலது கால் பெருவிரல் நகம். பாதிக்கு மேல் தடித்து, வேரிலிருந்து நுனிப்பக்கமாக வெள்ளையும் மஞ்சளுமாகக் கலங்கியிருக்கிறது. நகத்தைச் சுற்றிய தோல் சிவந்து வீங்கியிருக்கிறது. அழுத்திப் பார்த்தேன், நோகிறது, சீழ் வரவில்லை. பக்கத்து விரல்களின் நகங்கள் சுத்தமாக இருக்கின்றன. விரலிடுக்கில் சேற்றுப்புண் இல்லை. உள்ளங்காலில் செதில் இல்லை.

"போன வருசம் கான் வெட்டுன எடத்துல கல்லுல இடிச்சிக்கிட்டேன் புள்ள. அதுலருந்து இப்பிடித்தான்."

ஒரே ஒரு நகம், அதுவும் அடிபட்ட நகம். நோய் வேர்ப்பக்கத்தில் தொடங்கியிருக்கிறது, சீழில்லாத வீக்கம் கூடவே இருக்கிறது. வழக்கமான படைப் பங்கசு பெரும்பாலும் விரலிடுக்கிலோ உள்ளங்காலிலோ முதலில் குடியேறி, பிறகு நகத்தின் நுனி வழியாக உள்ளே போகும். இது வேறு வழியில் வந்திருக்கிறது. ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற எனக்கு நோயைச் சொல்லும் உரிமை இல்லை. ஆனால் எதைத் தேட வேண்டும் என்று கேட்கும் கடமை உண்டு.

ஜூன் 10, திங்கள்

காலையில் பெரியம்மாவோடு பிரட்டுக்களம் வரை போனேன். இந்த இடத்தை நுவரெலியாவோடு சேர்த்து நினைப்பவர்கள் குளிரை எதிர்பார்த்து வருவார்கள். பொல்பிட்டிய மலைநாட்டின் அடிவாரப் பள்ளத்தாக்கு. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகும் பக்கம். தேயிலையோடு இறப்பரும் பாக்கும் பலாவும் நிற்கின்றன. தென்மேல் பருவக்காற்று முதலில் வந்து மோதுவது இந்த மேற்குச் சரிவில்தான். கினிகத்தேனையும் வட்டவளையும் இலங்கையில் மழை மிக அதிகம் பெறும் ஊர்களில் சேரும். சூடும் ஈரமும் இங்கே ஒன்றாகவே இருக்கின்றன. பூஞ்சணத்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? சுவரில் பிடிக்கிறது, கூடையில் பிடிக்கிறது, காயாத செருப்பின் வாரில் பிடிக்கிறது.

அன்றைய வேலைக்குப் பேர் போடும் வரை அக்காமார் சிலர் கைகளைக் காட்டினார்கள். கொழுந்து பறிக்கும் விரல்களில் கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் கறுத்துப் போயிருக்கும், இலைச்சாற்றின் கறை. வைத்தியசாலையில் இந்தக் கறையைப் பார்த்தவுடன் "அழுக்கு, கழுவுங்க" என்று சொல்லி அனுப்பிய கதையை அவர்களே சொன்னார்கள். கேட்க வயிறு எரிந்தது. கறை நகத்தின் மேற்பரப்பில் இருக்கும், சுரண்டினால் போகும். நோய் நகத்துக்கு அடியில் இருக்கும், சுரண்டினால் பொடியாக உதிரும். இந்த வித்தியாசத்தைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

பலருக்கு வெறும் கறைதான். ஒருவருக்கு நகச்சுத்தி, எந்நேரமும் ஈரத்தில் கை வைத்திருப்பவர்களுக்கு வரும் ஈஸ்ட் வகையாக இருக்கலாம். இன்னொருவரின் கட்டைவிரல் நகத்தில் வேர் முதல் நுனி வரை ஒரு கறுப்புக் கோடு. சில மாதமாக அகலமாகி வருகிறதாம். அதைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தேன். நகத்துக்கு அடியில் வரும் மெலனோமா புற்றுநோயும் பெரும்பாலும் கறுப்புக் கோடாகத்தான் தொடங்கும். அது இல்லாமலும் இருக்கலாம். பயமுறுத்தாமல், ஆனால் இந்த வாரமே தோல் கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். அவருடைய மகனின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன், நாளைக்கே பேச வேண்டும்.

உருக்குலைந்து போன நகங்களில் ஏறத்தாழப் பாதிதான் பங்கசினால் வருகிறது என்பது உலகெங்கும் தோல் வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. மீதிப் பாதியில் சொரியாசிஸ், அடி, பக்டீரியா, இப்படிப் பல. கண்ணால் பார்த்து மாத்திரை கொடுப்பது பாதிப்பேருக்குப் பொய் மருந்து கொடுப்பதாகும்.

ஜூன் 11, செவ்வாய்

இரவு பெரியம்மாவின் மருந்துப்பையைக் கொட்டிப் பார்த்தேன். கேஸ்ட்ரிக் மாத்திரை, பிரஷர் மாத்திரை, ஒரு களிம்பு ட்யூப், வெறுமையான கிரிசியோபல்வின் அட்டைகள். ஒரு பாமசியில் விரலைக் காட்டி வாங்கி மாதக்கணக்கில் விழுங்கியிருக்கிறார். காசு முடிந்ததும் ஏப்ரலில் நிறுத்தியிருக்கிறார். அதற்கு முன்பு ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் நகத்தைக் கொடுத்திருக்கிறார். அறிக்கையில் இரண்டே வரி: படைப் பங்கசு வளரவில்லை, வளர்ந்தது சூழலிலிருந்து வந்த மாசு.

அந்த இரண்டாவது வரியில்தான் என் மனம் நின்றுவிட்டது.

நகத்தைத் தின்னும் பங்கசுகளில் பெரும்பாலானவை டெர்மட்டோபைட் என்ற படைப் பங்கசு வகை. தோல், முடி, நகம் ஆகியவற்றிலுள்ள கெரட்டினையே உணவாகக் கொண்டவை. கிரிசியோபல்வின் அவற்றுக்கு மட்டும்தான் வேலை செய்யும். மண்ணிலும் அழுகும் இலையிலும் வாழும் பூஞ்சணங்களும் சிலநேரம் நகத்துக்குள் குடியேறும்: பியூசேரியம், அஸ்பர்ஜிலஸ், ஸ்கொபுலரியோப்சிஸ், அக்ரிமோனியம், நியோஸ்கைட்டாலிடியம். இவற்றுக்குக் கிரிசியோபல்வினால் ஒன்றும் ஆகாது.

இவற்றைக் கண்டுபிடிப்பதும் இலேசு இல்லை. நகத் துகளை வளர்ப்பு ஊடகத்தில் இடும்போது காற்றில் மிதக்கும் பூஞ்சண வித்துகள் விழுந்து முந்திக்கொண்டு வளர்ந்துவிடும். அதைத் தடுக்க ஊடகத்தில் சைக்ளோஹெக்சிமைட் என்ற பொருளைச் சேர்ப்பார்கள். அது டெர்மட்டோபைட்டை விட்டுவிடும், மற்றப் பூஞ்சணங்களில் பலவற்றை அடக்கிவிடும். ஆக, அந்த ஊடகத்தில் மட்டும் போட்டால் நோய்க்குக் காரணமான பூஞ்சணமே வளராமல் போகலாம். மீறி வளர்ந்தாலும் மாசு என்று எழுதித் தட்டை வீசிவிடுவார்கள். பெரியம்மாவின் காலில் இருந்தது எதுவோ, அது குப்பைக்கூடைக்குப் போயிருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய். கண்டி

தோல் கிளினிக். பெரியம்மா நேற்று இரவே வந்து என் அறையில் தங்கினார். ஒரு நாள் பேர் போச்சு என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை ரூபா என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

வைத்தியர் பொறுமையாகப் பார்த்தார். காயம் பட்ட கதையை முழுதாகக் கேட்டார். படிவத்தில் "டெர்மட்டோபைட் அல்லாத பூஞ்சணம் சந்தேகம், சைக்ளோஹெக்சிமைட் இல்லாத ஊடகமும் தேவை" என்று அவரே எழுதினார். இந்த ஒரு வரிக்காகத்தான் ஒரு வாரமாகத் தவித்தேன்.

மாதிரி எடுப்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நுனியில் உதிரும் பொடியை எடுத்தால் அதில் ஊர் மண் எல்லாம் இருக்கும். ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைத்து, மேலே உள்ளதை வெட்டி எறிந்து, நோயும் நல்ல நகமும் சேரும் எல்லைவரை உள்ளே போய்ச் சுரண்ட வேண்டும். நிறைய வேண்டும். பெரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

பின்னேரம் எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு சிட்டிகையைப் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட்டில் ஊறவைத்து நுணுக்குக்காட்டியில் வைத்தேன். நகம் கரைந்து தெளிந்த பிறகு இழைகள் தெரிந்தன. கிளைவிட்டு, குறுக்குச் சுவரோடு, அகலம் ஒரு சீராக இல்லாமல். நகத்துக்குள்ளேயே இழை இருக்கிறது. காற்றில் வந்து ஒட்டிய வித்து இப்படி நகத்துக்குள் வேர்விட்டு நிற்காது.

ஜூன் 21, வெள்ளி. பொசொன் போயா

விடுமுறை. வெளியே தன்சல் வரிசையும் பக்திப் பாட்டும். நான் கஸ்டெல்லானியைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அல்டோ கஸ்டெல்லானி இத்தாலிக்காரர். 1903 முதல் 1915 வரை கொழும்பில் வேலை செய்தார். வெப்பநாட்டுத் தோல் நோய்களுக்குக் காரணமான பங்கசுகளைப் பற்றி அவர் அளவுக்கு எழுதியவர்கள் குறைவு. இன்று உலகில் நகப் பங்கசு நோய்க்கு முதல் காரணமான டிரைக்கோபைட்டன் ரூப்ரம் என்ற பங்கசை 1910இல் வேறொரு பெயரில் விவரித்தவர் அவர்தான். தேயிலை ருசி பார்ப்பவர்களுக்கு வரும் இருமலையும் அவர் பங்கசோடு சேர்த்து எழுதினார். கிளினிக்குகளில் முன்பு பூசிய சிவப்பு மருந்துக்கும் அவர் பெயர்தான்.

தேயிலைத் துறையில் ருசி பார்ப்பவரின் இருமல் மருத்துவ நூலில் ஏறிவிட்டது. கொழுந்து பறிப்பவளின் கால் நகம் ஏறுவதற்கு இன்னும் எவ்வளவு காலம் எடுத்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1970இல் ஜென்டில்ஸும் எவன்ஸும் பிரிட்டனில் வாழ்ந்த வெப்பநாட்டவர்களின் பாதத்திலும் நகத்திலும் ஹென்டர்சொனுலா டொருலொய்டியா என்ற பூஞ்சணத்தைக் கண்டு எழுதினார்கள். அது 1933இல் எகிப்தில் நட்ரஸ் என்பவர் பழமரங்களின் நோயாக விவரித்த பூஞ்சணம். இன்றைக்கு அதன் பெயர் நியோஸ்கைட்டாலிடியம் டிமிடியாட்டம். மாமரத்தையும் டிராகன் பழச்செடியையும் தாக்குகிறது. மரத்தின் நோய் மனிதனின் நகத்தில். வெறுங்காலோடு மண்ணிலும் மரத்தடியிலும் வேலை செய்பவர்களுக்கு இது ஆச்சரியம் இல்லை. மண்ணை மிதிக்காத மருத்துவத்துக்குத்தான் ஆச்சரியம்.

இலங்கையிலேயே செய்த வேலையும் இருக்கிறது. ரணவக்கவும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் பியூசேரியத்தால் வந்த நகநோய் ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். 2012இல் டெர்மட்டோபைட் அல்லாத பூஞ்சணங்களால் இலங்கையில் வரும் நகநோயைப் பற்றி இன்னொரு கட்டுரை. அபூர்வம் என்று மேற்கத்திய நூல்கள் சொல்லும் பூஞ்சணங்கள் இங்கே அபூர்வம் இல்லை என்பது அவற்றை வாசிக்கும்போது விளங்கும். தேடியவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

ஜூன் 24, திங்கள்

சைக்ளோஹெக்சிமைட் உள்ள தட்டு வெறுமையாக இருக்கிறது. இல்லாத தட்டில் பஞ்சு, வெள்ளையாக எழும்பி அடியில் இளம் ஊதா படர்ந்திருக்கிறது. நீல நிறமேற்றிப் பார்த்தேன். பெரிய வித்துகள் கவ்வாத்துக் கத்தியைப் போல வளைந்து, குறுக்குத் தடுப்புகளோடு. பியூசேரியம். நான் வைத்த துகள்களில் பாதிக்கு மேல் இதே பஞ்சுதான்.

மேலதிகாரி வந்து பார்த்தார். "இன்னொரு மாதிரி வேணும்" என்றார். எனக்கும் அதுவே சரி. பியூசேரியம் இந்த மண்ணில் எங்கும் இருக்கிறது. மாசா நோயா என்று பிரித்தறிய 1976இல் மேரி இங்கிலிஷ் என்ற பிரிட்டிஷ் பங்கசு ஆய்வாளர் ஒரு விதி எழுதினார். நகத்திலிருந்து டெர்மட்டோபைட் வளர்ந்தால் அதுதான் காரணம், வேறு பேச்சு இல்லை. பூஞ்சணம் வளர்ந்தால், நகத்துக்குள் இழையைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும். டெர்மட்டோபைட் வளராமல் இருக்க வேண்டும். வைத்த 20 துகள்களில் குறைந்தது 5இல் அதே பூஞ்சணம் வளர வேண்டும். பின்னால் வந்தவர்கள் வேறொரு நாளில் எடுத்த மாதிரியிலும் அதுவே வளர வேண்டும் என்பதை வலியுறுத்தினார்கள்.

நாற்பது வருடத்துக்கு மேலாக இருக்கும் விதி. அதைக் கடைப்பிடிக்க ஒரு தட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஒரே மாதிரியைப் பார்த்து மாசு என்று எழுதுவதும் தவறு, ஒரே மாதிரியைப் பார்த்து நோய் என்று எழுதுவதும் தவறு. இரண்டாவது தவறினால் ஒரு பெண் தேவையில்லாமல் ஈரலுக்குச் சுமை தரும் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவாள்.

ஜூலை 7, ஞாயிறு. பொல்பிட்டிய

இரண்டாம் முறை வரச் சொல்லத்தான் வந்தேன்.

"ஒருக்கா சொரண்டுனது பத்தாதா? அந்த நாளு பேரு யாரு குடுக்கிறது?"

பதில் சொல்ல முடியவில்லை. சரியான விடை வேண்டுமென்றால் இரண்டு முறை வர வேண்டும். வருவது இங்கிருந்து ஒரு முழு நாள். விதியை எழுதியவர்கள் இந்தப் பஸ் பயணத்தைக் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே மாதிரி எடுத்தால் என்ன? நகத்துகள் காய்ந்த பொருள், பங்கசு அதில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஐஸ் வேண்டாம், தனி வாகனம் வேண்டாம். மடித்த சுத்தமான காகிதத்தில் வைத்துத் தபாலில்கூட அனுப்பலாம். கொழும்பு பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பங்கசு ஆய்வுப் பிரிவு இருக்கிறது. இரத்தத்துக்கும் சளிக்கும் இல்லாத இந்த வசதி நகத்துக்கு இருக்கும்போது, ஆளை ஏன் அலைய வைக்க வேண்டும்?

டிஸ்பென்சரிக்குப் போய்ப் பேசினேன். அங்குள்ளவர் ஆர்வமாகக் கேட்டார். எப்படித் துடைப்பது, எவ்வளவு உள்ளே சுரண்டுவது, படிவத்தில் என்ன எழுதுவது என்று காட்டிக் கொடுத்தேன். பெரியம்மாவின் இரண்டாம் மாதிரியை அங்கேயே எடுத்தோம். பேர் போகவில்லை, ஞாயிற்றுக்கிழமை.

கறுப்புக் கோடு இருந்த அக்காவுக்குக் கிளினிக்கில் ஒரு துண்டு எடுத்து அனுப்பியிருக்கிறார்களாம். மகன் சொன்னான். முடிவு இன்னும் வரவில்லை.

ஜூலை 17, புதன். கண்டி

மீண்டும் அதே பஞ்சு, அதே ஊதா, அதே வளைந்த வித்து. டெர்மட்டோபைட் இல்லை. நுணுக்குக்காட்டியில் இழை உண்டு. அறிக்கையில் மேலதிகாரி கையொப்பமிட்டார்: "பியூசேரியம் இனம், இரண்டு தனித்தனி மாதிரிகளில், நோய்க்காரணியாகக் கருதத்தக்கது."

ஜூலை 23, செவ்வாய்

கிளினிக். இப்போது மருந்து. இலேசான செய்தி இல்லை. ரணவக்க குழு பின்னர் இட்ராகொனசோல், டெர்பினாபைன் என்ற மாத்திரைகளை இடைவெளி விட்டுக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, பியூசேரியத்தில் இரண்டுக்குமே பலன் குறைவாகத்தான் இருந்தது. வைத்தியர் இதைப் பெரியம்மாவிடம் மறைக்கவில்லை. மாத்திரையை மட்டும் நம்பாமல், 40 சதவீத யூரியாக் களிம்பைப் பூசி மூடி வைத்து, மெத்தென்றாகும் நோய்ப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அதன்மேல் பூச்சு மருந்தும் கொடுப்பது என்று முடிவு. இட்ராகொனசோல் 200 மில்லிகிராம் காலையும் மாலையும் ஒரு வாரம், மூன்று வாரம் இடைவெளி, பிறகு திரும்ப. முதலில் ஈரல் பரிசோதனை. இருதயம் பலவீனமானவர்களுக்கு இந்த மாத்திரை கூடாது என்பதால் அதையும் பார்த்தார்.

மருந்துப்பையைக் கொண்டு போனது நல்லதாயிற்று. இட்ராகொனசோல் கப்சியூல் வயிற்றில் அமிலம் இருந்தால்தான் உடலில் சேரும். நிறையச் சாப்பிட்ட உடனே எடுக்க வேண்டும். பெரியம்மா காலையில் வெறும் பிளேன்டீயோடு மலைக்குப் போகிறவர், போதாததற்குக் கேஸ்ட்ரிக் மாத்திரை. இரண்டும் சேர்ந்தால் விலையுயர்ந்த மருந்து வீணாகப் போயிருக்கும். காலை மாத்திரையை மத்தியானச் சோற்றுக்கு மாற்றினார், இரவு மாத்திரை இராச்சோற்றோடு. கேஸ்ட்ரிக் மாத்திரையை அந்த வாரங்களில் நிறுத்தலாமா என்று பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். பிரஷர் மாத்திரையையும் மாற்ற வேண்டியிருக்கலாம்.

"எப்ப சரியாகும்?" என்று பெரியம்மா கேட்டார். கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். புது நகம் முழுதாக வர ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். மருந்து பங்கசைக் கொன்றாலும் கெட்ட நகம் நல்லதாகாது, புதியது வந்து தள்ள வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் மூன்றாம் மாதம் "பலனில்லை" என்று நிறுத்திவிடுவார்கள்.

வேறொன்றையும் வைத்தியர் சொன்னார், எழுதி வைக்கிறேன். நல்ல உடம்புக்காரருக்குப் பியூசேரியம் நகத்தோடு நிற்கும். லுகேமியாவுக்கு மருந்து எடுப்பவர்களைப் போல வெள்ளணுக்கள் மிகக் குறைந்தவர்களுக்கு, நகத்தோரத்துப் புண்ணிலிருந்தே இரத்தத்துக்குள் போய் உயிரைக் குடிக்கக்கூடியது. அப்படிப்பட்டவர்களுக்குச் சிகிச்சை தொடங்குமுன் நகத்தையும் பார்க்க வேண்டும்.

ஜூலை 28, ஞாயிறு. பொல்பிட்டிய

அக்காவின் முடிவு வந்துவிட்டது, புற்றுநோய் இல்லை. அவருடைய மகன் போனில் அழுதுகொண்டே சொன்னான்.

ஈரல் பரிசோதனை நன்றாக இருக்கிறது. முதல் வாரம் இன்று தொடங்கியது. நல்ல நகமும் நோய் நகமும் சேரும் எல்லையில் வைத்தியர் ஒரு சிறு கீறல் போட்டிருக்கிறார். அது நுனியை நோக்கி நகர்ந்து, அதற்குப் பின்னால் வளருவது தெளிவாக இருந்தால் மருந்து பிடிக்கிறது என்று அர்த்தம். அளவுகோலை வைத்து அளந்து எழுதிக்கொண்டேன். காலை உலர்வாக வைத்திருக்க, ஒரு சோடி காயும்போது மற்றதைப் போடட்டும் என்று இரண்டு சோடி சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன். மழையில் இரண்டும் காயாது என்று பெரியம்மா சொல்கிறார். அடுப்புக்கு மேலே பரண் இருக்கிறதே என்றேன்.

டிஸ்பென்சரியில் இந்த மாதம் மட்டும் இன்னும் சிலரின் நகங்களைக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் மேலும் திகதி, எந்த விரல், அடிபட்டதா, என்ன மருந்து எடுத்தார் என்று எழுதியிருக்கிறது. நாளைக்குக் கண்டிக்கு எடுத்துப் போகிறேன். அடுத்த கிளினிக் ஓகஸ்ட் 20, செவ்வாய்.